பாதித் தாயத்து பிறந்த கதை

லண்டன் பிரிட்டிஷ் மியூசியம். பாபிலோன் பொருள்கள் வைத்திருக்கும் கூடத்துக்குள் பாபிலோன் ராணியே நேரில் வந்து நிற்கிறாள். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருக்கும் ஆரமும் தோடும் தன்னுடையவை, எடுத்துக் கொடுங்கள் என்கிறாள். பைத்தியம் என்று நினைத்து அவளை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். வாசல் முற்றத்தில் நின்றுகொண்டு, என் ஊர்ப் பொருள்கள் எல்லாம் நிதானமாக என்னிடம் வந்து சேரட்டும் என்று ஆசைப்படுகிறாள். கதவுகள் திறந்துகொள்கின்றன. கற்சிலைகள், செங்கற்கள், ஆயுதங்கள், கிண்ணங்கள், முத்திரைகள் எல்லாம் வரிசையாக மிதந்து வெளியே வருகின்றன.

இது 1906ல் புத்தகமாக வந்த ஒரு சிறுவர் நாவலில் வரும் காட்சி. நாவலின் பெயர் 'தி ஸ்டோரி ஆஃப் தி அம்யூலெட்'. ஒரு தாயத்தின் கதை. எழுதியவர் ஈடித் நெஸ்பிட். ஈ. நெஸ்பிட் என்ற பெயரில்தான் எழுதினார். நான் இந்த நாவலின் தீவிர ரசிகன். ஆனால் என்னை முதலில் மடக்கிப் போட்டது காட்சி அல்ல, காணிக்கைப் பக்கம். நூலை உருவாக்க உதவியதற்கு நன்றி என்று அது யாருக்குச் சமர்ப்பணம் செய்யப்பட்டிருக்கிறது தெரியுமா? அதே பிரிட்டிஷ் மியூசியத்தின் எகிப்து, அசிரியப் பிரிவுகளுக்குத் தலைவராக இருந்த வாலிஸ் பட்ஜுக்கு. தன் பொறுப்பில் இருக்கும் கூடத்தையே காலி செய்கிற கதைக்கு அந்தக் காப்பாளரே துணை நின்றிருக்கிறார். இது எப்படி நடந்தது?

கதையை பிரான்சின் போர்தோ நகரத்தில் தொடங்க வேண்டும். நெஸ்பிட் 1858ல் லண்டனில் பிறந்தவர். நான்கு வயது நிறைவதற்குள் அப்பா இறந்துவிட்டார். அவர் வேளாண் வேதியியல் வல்லுநர். நோயாளியான அக்காவின் உடம்புக்கு ஒத்துவரும் ஊரைத் தேடி அம்மா குழந்தைகளோடு ஐரோப்பா முழுக்க அலைந்தார். அந்த அலைச்சலில் போர்தோ வந்தபோது அங்கே 'மம்மி'கள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு, போயே ஆகவேண்டும் என்று சிறுமி அடம்பிடித்தாள். மம்மி என்றால் அவள் மனசில் இருந்தது எகிப்து: கண்ணாடிப் பெட்டி, வண்ணம் தீட்டிய பேழை, தங்கப் பூச்சு, சித்திர எழுத்து. செயின்ட் மிஷேல் தேவாலயத்தின் நிலவறையில் இருந்ததோ வேறு. தோலோடு காய்ந்துபோன பிணங்களைச் சுவர் ஓரமாக நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்தப் பயம் ஆண்டுக்கணக்கில் தன் இரவுகளை விடவில்லை என்று 1896-97ல் ஒரு சிறுமியர் பத்திரிகையில் எழுதிய பள்ளிப் பருவ நினைவுகளில் சொல்கிறார். தன் பிள்ளைகளுக்கு இப்படியொரு பயம் வரவே கூடாது என்று உறுதி எடுத்ததையும் அங்கேயே சொல்கிறார்.

இந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைய ஆங்கிலப் புனைவைப் பார்த்தால் நெஸ்பிட் எடுத்த வழி எவ்வளவு தனியானது என்று தெரியும். எகிப்து என்றால் அப்போது கல்லறைதான். கோனன் டாயில் 1892ல் ஒரு மம்மி எழுந்து நடந்து ஆளைத் துரத்தும் கதையை எழுதினார். 1903ல் பிராம் ஸ்டோக்கர் எகிப்து ராணி ஒருத்தியின் மம்மியை வைத்து ஒரு திகில் நாவலே எழுதிவிட்டார். மம்மியைக் கண்டு உண்மையிலேயே நடுங்கிய நெஸ்பிட்டோ, குழந்தைகளுக்கு எகிப்து எழுத உட்கார்ந்தபோது பிணத்தின் பக்கமே போகவில்லை. உயிரோடு இருக்கும் எகிப்துக்கு அழைத்துப் போனார்.

அந்த இடத்துக்கு அவர் வந்து சேர நாளாயிற்று. 1880ல் ஹியூபர்ட் பிளாண்டைக் கல்யாணம் செய்துகொண்டார். கணவருக்கு அம்மை போட்டது, தொழில் கைவிட்டுப் போனது. வீட்டைத் தாங்கியது நெஸ்பிட்டின் பேனா. வாழ்த்து அட்டைப் பாட்டு, பேய்க் கதை, பத்திரிகைத் துணுக்கு என்று காசு தருவதையெல்லாம் எழுதினார். 1884ல் ஃபேபியன் சங்கம் தொடங்கியபோது கணவனும் மனைவியும் முதல் உறுப்பினர்களில் இருந்தார்கள். ஏழ்மை என்பது விதி அல்ல, ஏற்பாடு; ஏற்பாட்டை மாற்றலாம் என்று நம்பிய சோஷலிஸ்டுகளின் சங்கம் அது. மகன் ஒருவனுக்கு ஃபேபியன் என்றே பெயர் வைத்தார்கள். 1900ல், 15 வயதில், வீட்டிலேயே நடந்த ஒரு சிறு தொண்டை அறுவைச் சிகிச்சைக்குப் பின் அந்தப் பையன் கண் விழிக்கவில்லை.

சிறுவர் நூல்களில் அவருக்குப் பெயர் வந்தது 40 வயதுக்குப் பிறகு. 1899ல் வந்த 'புதையல் தேடியவர்கள்' நாவல் அவரை நிலைநிறுத்தியது. அதன் பிறகு 'தி ஸ்ட்ராண்ட்' மாத இதழ் அவரைப் பிடித்துக்கொண்டது. ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதைகள் வந்த அதே ஸ்ட்ராண்ட். சில இதழ்களில் ஹோம்ஸும் நெஸ்பிட்டும் அக்கம்பக்கமாக இருந்தார்கள். 1902ல் வந்த முதல் தொடரில் சிரில், ஆந்தியா, ராபர்ட், ஜேன் என்ற நான்கு குழந்தைகளும் ஒரு கைக்குழந்தையும் மணல் குழிக்குள் ஒரு பிராணியைத் தோண்டி எடுக்கிறார்கள். நத்தைபோல நீட்டி மடக்கும் கண், வௌவால் காது, குரங்குக் கை கால், சிலந்திபோலப் பருத்த, ரோமம் மூடிய உடம்பு. பெயர் சாமியட். ஆயிரக்கணக்கான வயது, அதற்கேற்ற சிடுசிடுப்பு. நாளுக்கு ஒரு வரம் தரும், சூரியன் மறைந்தால் வரம் மறையும். அடுத்த தொடரில் ஃபீனிக்ஸ் பறவையும் பறக்கும் கம்பளமும் வந்தன.

மூன்றாவதில் சிக்கல் வந்தது. கேட்ட வரம் கேட்டவரையே கடிக்கும் வேடிக்கையை இரண்டு நாவல்களில் செய்தாகிவிட்டது. போதாததற்கு, இனி வரம் கேட்க மாட்டோம் என்று முதல் நாவலின் முடிவிலேயே குழந்தைகள் சாமியட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். வண்டியை ஓட்ட வேறு சக்தி வேண்டும். காலப் பயணம் என்ற எண்ணம் காற்றில் இருந்தது. நண்பர் எச். ஜி. வெல்ஸ் 1895லேயே காலத்தில் போகும் இயந்திரத்தைப் படைத்துவிட்டார். ஆனால் இயந்திரம் என்றால் ஓட்டத் தெரிந்த விஞ்ஞானி வேண்டும். குழந்தைகள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும்படியான ஒன்றைத் தேடினார் நெஸ்பிட். தேடிப் போன இடம் பிரிட்டிஷ் மியூசியம்.

அங்கே இருந்தவரின் கதை தனி நாவல். வாலிஸ் பட்ஜ் 1857ல் கார்ன்வாலில் பிறந்தார். அப்பா யார் என்று பதிவு இல்லை. 12 வயதோடு படிப்பு நின்றது. புத்தகமும் பத்திரிகையும் விற்கும் டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு எப்படியோ பழைய மொழிகளின் மேல் பித்து. எபிரேயம், சிரியாக் என்று தானே படித்துக்கொண்டு போனான். பிரிட்டிஷ் மியூசியத்தின் கீழைத் தொல்பொருள் துறைத் தலைவர் சாமுவேல் பர்ச் தன் அறையில் உட்கார்ந்து படிக்க அவனுக்கு இடம் கொடுத்தார். மதிய உணவு இடைவேளையில் செயின்ட் பால் தேவாலயத்தில் உட்கார்ந்து படிப்பவனை அங்கே ஆர்கன் வாசித்த ஜான் ஸ்டெய்னர் கவனித்தார். அவர் போய்ச் சொன்னது முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனிடம். பெரிய மனிதர்கள் சேர்ந்து பணம் திரட்டி அவனைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். 1883ல் அதே மியூசியத்தில் வேலை. 1894ல் துறைத் தலைவர் பதவி. 30 ஆண்டுகள் அதே நாற்காலி.

அறிவில் எவ்வளவு பசியோ, பொருள் சேர்ப்பதிலும் அவ்வளவு பசி. 1888ல் லக்சரில் 'ஆனியின் பாப்பிரஸ்' என்ற புகழ்பெற்ற சுருளை வாங்கினார். இறந்தவன் மறு உலகத்தில் சொல்லவேண்டிய மந்திரங்கள் எழுதி, படம் வரைந்த சுருள். எகிப்தின் தொல்பொருள் அதிகாரி பட்ஜின் சரக்குகள் இருந்த வீட்டுக்குக் காவல் போட்டார். காவலர்கள் வாசலில் நிற்க, ஆட்கள் பக்கத்து ஹோட்டல் தோட்டத்திலிருந்து சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டிப் பொருள்களை வெளியே கடத்தினார்கள். இதைப் பழியாக யாரும் சொல்லவில்லை. பட்ஜே தன் பயண நூலில் பெருமையாக எழுதி வைத்திருக்கிறார். இன்று படித்தால் அது ஒப்புதல் வாக்குமூலம்.

இந்த மனிதர்தான் நெஸ்பிட்டுக்கு நேரம் ஒதுக்கினார். நாட்டின் மிகப் பெரிய எகிப்தியத் துறையை நடத்தும் ஆள், சிறுவர் கதை எழுதும் பெண்மணிக்காக உட்கார்ந்து விளக்கம் சொல்லியிருக்கிறார். அவர் துறையின் தடம் நாவலில் மூன்று இடங்களில் பளிச்சென்று தெரிகிறது.

முதலாவது, தாயத்தே. சிவந்த, வழவழப்பான கல். அதன் வடிவம் 'தியெத்' எனப்படும் ஐசிஸ் தேவியின் முடிச்சு. எகிப்தியர் இறந்தவர் கழுத்தில் சிவப்புக் கல்லில் செய்த இந்த முடிச்சைக் கட்டினார்கள். அதற்கான மந்திரம் 'இறந்தோர் நூல்' என்று நாம் அழைக்கும் தொகுப்பின் 156ஆம் பகுதி. ஐசிஸின் குருதி இவனைக் காக்கட்டும் என்பது அதன் சாரம். பட்ஜ் லக்சரில் வாங்கிய ஆனியின் சுருளிலும் அது இருக்கிறது. ஐசிஸ் யார்? கணவன் ஒசிரிஸைச் சேத் கொன்று கூறுபோட்ட பின், மகன் ஹோரஸைச் சதுப்புக் காட்டில் ஒளித்து வளர்த்துக் காப்பாற்றிய தாய். நாவலில் குழந்தைகளின் அப்பா மஞ்சூரியாவில் போர்ச் செய்தியாளர், அம்மா உடம்பு தேற மதீரா தீவுக்குப் போயிருக்கிறார், கைக்குழந்தையும் அவரோடு. அம்மா இல்லாத வீட்டில், எகிப்தின் பெருந்தாய் பெயரால் பிள்ளைகளைக் காக்கும் முடிச்சு வந்து சேர்கிறது.

இரண்டாவது, கல்லில் பொறித்த மந்திரம். 'ஊர் ஹெகாவ் செட்சே' என்ற அந்தச் சொற்கள் நாவலின் பக்கத்தில் சித்திர எழுத்துகளாகவே அச்சாகியிருக்கின்றன. மாதப் பத்திரிகை வாங்கிய பிள்ளைகள் நிஜ எகிப்திய எழுத்தை விரலால் தடவிப் பார்க்கும்படி கொடுத்தது சாதாரண விஷயம் அல்ல. தாயத்தைக் கிழக்கு நோக்கிப் பிடித்து இந்த மந்திரத்தைச் சொன்னால் அது வளர்ந்து ஒரு வளைவு வாசலாக நிற்கும். வளைவுக்கு அப்பால் வேறு நாடு, வேறு காலம்.

மூன்றாவது, குழந்தைகள் முதலில் போய் இறங்கும் இடம். பிரமிடு அல்ல, பார்வோன் அரண்மனை அல்ல. நைல் கரையில் முள்வேலி போட்ட குடிசைக் கிராமம். கல் கத்தி, கல் கோடரி. கி.மு. 6000. பார்வோன்களுக்கு முந்தைய எகிப்து என்று ஒன்று இருந்ததே அப்போது புதுச் செய்தி. ஃபிளிண்டர்ஸ் பெட்ரி நகாடாவில் அந்தக் கல்லறைகளைத் தோண்டியது 1894-95ல்தான். தோண்டியவரே அது வேறு இனத்தாருடையது என்று முதலில் நினைத்தார். அந்தப் பழங்காலத்து மனிதர்களின் உடல்களை கெபெலைனிலிருந்து வாங்கி லண்டனுக்கு அனுப்பியவர் பட்ஜ். 1901 முதல் அவற்றில் ஒன்று மியூசியத்தில் காட்சிக்கு இருந்தது. துணி சுற்றாமல், மணலிலேயே காய்ந்து, கால் மடக்கிப் படுத்த உடல். அந்த உடல் உயிரோடு நடமாடிய ஊரை நெஸ்பிட் கட்டி எழுப்பினார்.

அறிஞர் தந்தது இவ்வளவு. இதற்கு மேல் செய்ததெல்லாம் கதைக்காரியின் கை. கிடைத்தது பாதித் தாயத்து என்று வைத்தது அவருடைய மேதைமை. மறுபாதி எங்கே? பொடியாகிப் போய்விட்டது. இன்றைய உலகத்தில் எங்கு தேடினாலும் கிடைக்காது. அது முழுசாக இருந்த காலத்துக்குப் போய்த்தான் எடுக்கவேண்டும். பாதித் தாயத்து நம்மை அழைத்துப் போகும்; முழுத் தாயத்துதான் மனம் விரும்பியதைத் தரும். ஒரே விதியில் கதைக்கு ஏன், எங்கே, எப்படி மூன்றும் கிடைத்துவிட்டன. பாபிலோன், மூழ்கப் போகும் அட்லாண்டிஸ், பார்வோனின் எகிப்து, சீசர் கடல் தாண்டி பிரிட்டனைப் பார்த்துக்கொண்டு நிற்கும் கரை, டயர் நகரத்துக் கப்பல் என்று மாதம் ஒரு காலம். 1905 மே முதல் 1906 ஏப்ரல் வரை ஸ்ட்ராண்டில் தொடராக வந்தது. எச். ஆர். மில்லர் படம் வரைந்தார்.

எகிப்தின் கோயில் பூசாரி ரேக்-மாரா மறுபாதியைத் தேடி குழந்தைகளைப் பின்தொடர்ந்து லண்டன் வரை வருகிறான். அவர்கள் தங்கிய வீட்டு மாடியில் ஓர் ஏழை அறிஞர் குடியிருக்கிறார். சாப்பாட்டையும் மறந்து பழம்பொருளில் மூழ்கியவர். இருவருக்கும் ஆசை ஒன்றே: அறிவு. முடிவில் இரண்டு ஆன்மாக்களும் ஒன்றாகின்றன. பூசாரிக்குள் இருந்த தீமை மட்டும் ஒரு பூரானாக வெளியே விழ, ராபர்ட் அதைக் காலால் நசுக்குகிறான். இறந்தபின் இதயத்தைத் தராசில் வைத்து நிறுக்கும் எகிப்தியத் தீர்ப்பை இதைவிடச் சுருக்கமாகச் சிறுவர் கதையில் யாரும் எழுதியதில்லை என்பேன்.

நெஸ்பிட்டுக்குள் இருந்த ஃபேபியன் சோஷலிஸ்டும் சும்மா இருக்கவில்லை. லண்டன் வந்த பாபிலோன் ராணி குதிரை வண்டியில் போகும்போது தெருவில் வாடிய முகங்களைப் பார்க்கிறாள். உங்கள் அடிமைகளை ஏன் இவ்வளவு மோசமாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறாள். இவர்கள் அடிமைகள் அல்ல, தொழிலாளர்கள் என்கிறார்கள் குழந்தைகள். இப்படிப் பட்டினி போட்டால் கலகம் செய்ய மாட்டார்களா? மாட்டார்கள், ஓட்டுரிமை இருக்கிறதே! ஓட்டு என்றால் என்ன, அதை வைத்து என்ன செய்வார்கள் என்று விசாரித்துவிட்டு, ஓ, ஒரு விளையாட்டுச் சாமானா என்று முடித்துவிடுகிறாள் ராணி. பிறகு எல்லாருக்கும் சாப்பாடு வரட்டும் என்று ஆசைப்படுகிறாள். வருகிறது. வரப்போகும் லண்டனுக்கும் குழந்தைகள் ஒருமுறை போகிறார்கள். தேம்ஸ் நதி தெளிவாக ஓடுகிறது. தெருவில் குப்பை போட்டதற்காகப் பள்ளிக்கூடத்துக்கு வரக்கூடாது என்று அனுப்பப்பட்ட ஒரு பையன் அழுதுகொண்டிருக்கிறான். பள்ளிக்குப் போக முடியாதது அவனுக்குத் தண்டனை! அவன் பெயர் வெல்ஸ்.

நமக்கும் இந்தக் கதையில் ஒரு நூல் இழை உண்டு. மியூசியப் பொருள்கள் மிதந்து வருவதைப் பார்த்த பத்திரிகை நிருபர் ஒருவர், இது பிரம்மஞான சபைக்காரர்களின் வேலையா, அந்த அம்மாள் மிசஸ் பெசண்டா என்று கேட்கிறார். ஆமாம் என்று துணிந்து அடித்துவிடுகிறாள் சின்ன ஜேன். நிருபர் ஃப்ளீட் தெருவுக்கு ஓடுகிறார். நம் அடையாறு அன்னி பெசண்ட்தான். 1889ல் ஃபேபியன் சங்கம் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரைத் தொகுப்பில் நெஸ்பிட்டின் கணவரும் பெசண்டும் ஆளுக்கொரு கட்டுரை எழுதியிருந்தார்கள். சங்கத்தை விட்டு பிரம்மஞானத்துக்குப் போய், இந்தியாவுக்கும் போய்விட்ட பழைய தோழரை நெஸ்பிட் செல்லமாகக் கிண்டல் செய்திருக்கிறார். தொடர் முடிந்த மறு ஆண்டு, 1907ல், பெசண்ட் சபையின் தலைவரானார்.

ரசிகன் என்பதற்காகக் குறையை மறைக்க முடியாது. ராணி பங்குத் தரகர்களிடம் போகும் பகுதியில் தரகர்களுக்கு யூதப் பெயர்களும் கேலியான உச்சரிப்பும் கொடுத்திருக்கிறார் நெஸ்பிட். பணக்காரனைத் திட்ட யூதனைத் திட்டுவது அன்றைய இங்கிலாந்தில் இடதுசாரிகளிடமும் இருந்த நோய். இன்று குழந்தைக்குப் படித்துக் காட்டுபவர் அந்தப் பக்கத்தில் நின்று விளக்க வேண்டும்.

காப்பாளருக்கான காணிக்கைக்கு வருவோம். ராணி தன் நகைகளைக் கேட்கும் காட்சியை பட்ஜ் எப்படி ரசித்திருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு. சுரங்கம் தோண்டி எகிப்தின் சொத்தைக் கொண்டுவந்தவர் அவர். சொந்தக்காரி நேரில் வந்து கேட்டால் மியூசியத்துக்குச் சொல்ல ஒரு நல்ல பதிலும் இல்லை, வெளியே போ என்பதைத் தவிர; இதை எழுதிவிட்டார் நெஸ்பிட். வேடிக்கைக் காட்சிதான். ஆனால் 2022ல் எகிப்தியத் தொல்லியலாளர் ஜாஹி ஹவாஸ், ரொசெட்டா கல்லைத் திருப்பித் தாருங்கள் என்று கையெழுத்து இயக்கம் தொடங்கியபோது பிரிட்டிஷ் மியூசியத்தின் முன் வைத்ததும் இதே கேள்விதான்.

நாவல் பிறந்தாயிற்று. அது யாரைத் தொட்டது? தொடர் தொடங்கியபோது பெல்ஃபாஸ்ட் நகரில் ஆறு வயதுப் பையன் ஒருவன் புத்தகம் நிறைந்த ஒரு புது வீட்டுக்குக் குடிவந்திருந்தான். பெயர் சி. எஸ். லூயிஸ். நெஸ்பிட்டின் மூன்று நாவல்களையும் படித்தான். அவற்றில் தாயத்துக் கதைதான் தனக்கு அதிகம் செய்தது, பழங்காலம் என்ற பேராழத்துக்கு முதலில் கண் திறந்தது அதுவே, இன்றும் மகிழ்ச்சியோடு படிக்க முடிகிறது என்று 1955ல் வந்த தன்வரலாற்றில் எழுதினார். 1940களின் பிற்பகுதியில் தன்னைச் சந்தித்த அமெரிக்க எழுத்தாளர் சாட் வால்ஷிடம், நெஸ்பிட் மரபில் ஒரு சிறுவர் நூலை எழுதி முடிக்க எண்ணுவதாகச் சொன்னார். நார்னியா கதைகள் வந்தன.

அதே 1955ல்தான் நார்னியா வரிசையின் 'மந்திரவாதியின் மருமகன்' நாவலும் வந்தது. முதல் பக்கத்திலேயே, ஹோம்ஸ் பேக்கர் தெருவில் இருந்த காலம், நெஸ்பிட்டின் புதையல் தேடிய பிள்ளைகள் தேடிக்கொண்டிருந்த காலம் என்று கதையின் காலத்தைக் குறிக்கிறார். பிறகு பழம் உலகம் ஒன்றிலிருந்து ஜேடிஸ் என்ற ராணி லண்டனுக்கு வந்து இறங்குகிறாள். நகைக் கடையைக் கொள்ளையடிக்கிறாள், குதிரை வண்டியில் ஏறி ஊரைக் கலக்குகிறாள். பாபிலோன் ராணி ஐம்பது ஆண்டு கழித்து மறுபடி லண்டன் வந்துவிட்டாள்.

ஆழமான ஒற்றுமை வேறு இடத்தில் இருக்கிறது. லூயிஸின் தாய் 1908 ஆகஸ்டில் புற்றுநோயால் இறந்தார். அவருக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா பிழைக்க வேண்டும் என்று பிரார்த்தனை செய்ததையும், அது பலிக்காததையும் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். தாயத்துக் கதையில் அப்பா தூர தேசத்தில், அம்மா நோயில். தாயத்து முழுதானதும் எல்லோரும் வீடு திரும்புகிறார்கள். லூயிஸின் நாவலிலும் சிறுவன் டிகரியின் அப்பா தூர தேசத்தில், இந்தியாவில். அம்மா சாகக் கிடக்கிறார். வேறு உலகத்திலிருந்து கொண்டுவந்த ஆப்பிள் அவரைப் பிழைக்க வைக்கிறது, அப்பாவும் திரும்புகிறார். சிறுவன் லூயிஸுக்குக் கிடைக்காத தாயத்தை நடுவயது லூயிஸ் எழுதி எடுத்துக்கொண்டார் என்றே நான் படிக்கிறேன். ஒரு ரசிகன் தந்த எதிர்வினைகளில் இதைவிடப் பெரியதை நான் அறியேன்.

ஆனால் எடுக்காமல் விட்டதும் உண்டு. நெஸ்பிட்டின் ராணி கொடுங்கோலிதான், ஆனாலும் பசித்தவனைக் கண்டு கேள்வி கேட்கிறாள். லூயிஸின் ராணி அழிக்க மட்டுமே பிறந்தவள். அடிமைகளும் ஓட்டும் பற்றிய அந்தக் கேள்வி நார்னியாவுக்குப் போகவில்லை. கதையின் அழகில் ரசிகர் ஆசிரியரை எட்டிப் பிடித்தார், அரசியலில் பின்தங்கிவிட்டார்.

2010ல் அமெரிக்க எழுத்தாளர் ரிக் ரியோர்டன் 'தி ரெட் பிரமிட்' நாவலைத் தொடங்கியதும் பிரிட்டிஷ் மியூசியத்தில்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, எகிப்தியல் அறிஞரான அப்பா பிள்ளைகள் கண்முன்னே ரொசெட்டா கல்லை வெடிக்க வைக்கிறார், சேத் விடுதலையாகிறான். ஒசிரிஸ், ஐசிஸ், ஹோரஸ் எல்லாரும் வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளும் தாயை இழந்தவர்களே. ரியோர்டனின் வேகம் எனக்குப் பிடிக்கும். எகிப்தியக் கடவுளர் அங்கே நேரில் வந்து சண்டை போடுகிறார்கள், நகைச்சுவை பேசுகிறார்கள். நெஸ்பிட்டிடம் எகிப்தியக் கடவுளர் தலைகாட்டுவதில்லை. அவர்களை நம்பிய மனிதர்கள்தான் வருகிறார்கள். படித்து முடித்தபின் கூடவே வருபவர்கள் அந்த மனிதர்கள்தான். முள்வேலிக் கிராமத்தில் குழந்தைகள் சந்திக்கும் சிறுமி எந்தக் கடவுளை விடவும் எனக்கு அருகில் இருக்கிறாள்.

தாயத்துக் கதையின் பிறப்பில் நான் மதிப்பது ஒன்று உண்டு. 12 வயதில் படிப்பு நின்ற பையனுக்கு பர்ச் தன் அறையைத் திறந்துவிட்டார். அந்தப் பையன் பெரியவனாகி, சிறுவர் கதை எழுதும் பெண்ணுக்குத் தன் துறையைத் திறந்துவிட்டார். அந்தப் பெண் எழுதியது பெல்ஃபாஸ்ட் சிறுவனுக்குப் பழங்காலத்தைத் திறந்தது. பட்ஜின் மொழிபெயர்ப்புகள் பலவற்றை இன்றைய அறிஞர்கள் காலாவதி என்று ஒதுக்கிவிட்டார்கள். அவர் சிறுவர் கதைக்காரிக்குச் செலவிட்ட நேரம் மட்டும் காலாவதி ஆகவில்லை. ஆய்வாளர்களே, குழந்தை எழுத்தாளர் உங்கள் கதவைத் தட்டினால் நேரமில்லை என்று சொல்லாதீர்கள்.

நெஸ்பிட் 1924ல் காலமானார். நாவலின் காப்புரிமை முடிந்து வெகுகாலம் ஆகிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பத்து வயதுக்கு மேல் ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் ரியோர்டனுக்கு முன்னால் இதைக் கொடுங்கள். பிள்ளை இல்லை என்றால் நீங்களே படியுங்கள்.